இடச்சிறகு, வலச்சிறகு

சூட்டுக் கம்பியில் இறகை வெட்டும்போது எழுகிற வாடை எனக்குப் பழகியதுதான். அசல் பட்டா என்று பார்க்க ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுவோம். மயிர் கருகும் வாடை வந்தால் பட்டு. உருகி மணியாக உருண்டால் வேறு ஏதோ. வான்கோழி இறகும் அதே வாடைதான் அடிக்கும். இரண்டும் புரதம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவனுக்கு அம்புக்கு இறகு கட்டும் வேலை அந்நியமாகத் தோன்றாததற்கு அந்த வாடையும் ஒரு காரணம்.

பதினைந்து வருஷமாக மரவில் எய்கிறேன். என் மிருகம் வைக்கோல் கட்டு. ஆனால் போன தையில் ஊருக்கு வந்த என் தங்கை மகன், பெட்டியிலிருந்து பன்னிரண்டு சிடார் மரத் தண்டுகளையும் ஒரு கட்டு இறகுகளையும் எடுத்து வைத்தான். கனடாவில் இருக்கிறான். உரிமம் வாங்கி, பருவத்தில் மட்டும், வில்லால் மான் வேட்டைக்குப் போகிறவன்.

"மாமா, இறகு நீங்கதான் கட்டணும். நம்ம பட்டு நூல்ல."

"எதுக்கு எய்யப்போறே?" என்று கேட்டேன். தார்மிகக் கேள்வி இல்லை, தொழில் கேள்வி. நுனியில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் பின்னால் இறகு. நான் எய்வது கூம்பு முனை. மூன்றங்குல இறகு மூன்று, நேராக ஒட்டினாலே போதும். வேட்டை அம்பின் நுனியில் அகலத் தகடு இருக்கும். அந்தத் தகடும் ஒரு சிறகு மாதிரிதான். காற்றைப் பிடித்து அம்பைத் தன் போக்குக்குத் திருப்பப் பார்க்கும். பின்னால் இருக்கும் இறகு அதைவிடப் பலமாக இழுக்க வேண்டும். அதனால் ஐந்தங்குல இறகு மூன்று, அதுவும் தண்டைச் சுற்றி லேசாகத் திருகி. திருகி ஒட்டினால் அம்பு சுழலும். சுழன்றால் தகட்டின் கோணல் ஒரு பக்கமாகச் சேராது.

இறகின் வேலை அம்பைப் பறக்கவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் வேலை தடுப்பது. நாண் தள்ளும் வேகத்தில் தண்டு வளைந்து, வில்லை ஒதுங்கிக் கடந்து, கொஞ்ச தூரம் பாம்பு மாதிரி நெளிந்துதான் போகும். இறகு வாலைப் பிடித்து இழுக்க இழுக்கத்தான் நெளிவு அடங்கும். பாவை இழுத்துக் கட்டாமல் எவ்வளவு நல்ல ஊடை ஓட்டினாலும் புடவை நேராக வராது என்பது எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். பிளாஸ்டிக் தகடு ஒட்டினால் என்ன என்று கேட்பார்கள். மழையில் அது நனையாது, உண்மை. ஆனால் மரவில்லில் அம்பு வில்லை உரசிக்கொண்டு கிளம்புகிறது. இறகு மடங்கிக் கொடுக்கும், பிளாஸ்டிக் எற்றிவிடும்.

எந்தப் பறவையின் இறகு என்பது பழைய சண்டை. பாரதத்து வீரர்களின் அம்புகளில் கழுகிறகும் நாரையிறகும். இங்கிலாந்தில் ரோஜர் ஆஸ்கம் 1545இல் வில்வித்தைக்கென்றே எழுதிய புத்தகத்தில் வாத்து இனத்துப் பெரிய பறவையான கூஸின் இறகைத் தூக்கிப் பிடிக்கிறார். எங்களுக்குச் சண்டையே இல்லை. வனவிலங்குச் சட்டத்தால் இன்று வேட்டையும் இல்லை, கழுகிறகும் இல்லை, பண்ணை வான்கோழிதான்.

இனி என் தவறைச் சொல்கிறேன். பறவையின் இடச்சிறகில் வளர்ந்த இறகு ஒரு பக்கம் வளையும், வலச்சிறகில் வளர்ந்தது மறுபக்கம். ஓர் அம்பில் மூன்றும் ஒரே பக்கத்துச் சிறகாக இருக்க வேண்டும். திருகலும் அதே பக்கம் போக வேண்டும். நூலின் முறுக்கை விரல் நுனியில் உருட்டியே இடமா வலமா என்று சொல்கிறவன் நான். அந்தத் திமிரில் ராத்திரி விளக்கில் கட்டினேன். மூன்றாவது அம்பில் இரண்டு இடச்சிறகு, ஒரு வலச்சிறகு. மறுநாள் எய்தபோது வாலாட்டிக்கொண்டு போய் வைக்கோலில் சாய்ந்து குத்தியது. மருமகன் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம்.

நூல் சுற்றுவதில் மட்டும் அவமானப்படவில்லை. பசை போக்கிச் சாயமேற்றிய அரக்கு நிறப் பட்டு எடுத்தேன். பச்சைப் பட்டில் இருக்கும் பசை தண்ணீர் பட்டால் இளகும், அம்புக்கு ஆகாது. அரக்கு நிறத்துக்கும் காரணம் உண்டு: மானின் கண்ணுக்குச் சிவப்பு சிவப்பாகத் தெரியாது, எய்தவன் கண்ணுக்குப் புல்லில் பளிச்சென்று தெரியும். நூலைக் கையால் தண்டைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும், அல்லது இறங்கும். இறங்கினால் இழை பிரிந்து மயிர் மயிராக நிற்கும். அதனால் நூலை அசைக்காமல் தண்டை உருட்டினேன். இறகின் இழைகளை ஊசி நுனியால் விலக்கி, இடைவெளிக்குள் நூலைப் படியவிட்டு, மேலே மெல்லிய வார்னிஷ்.

நடுவில் மாட்டுப் பொங்கல் வந்தது. அன்று வரதர் பழையசீவரத்துக்குப் பார்வேட்டைக்குப் போவார். இருவரும் போனோம். மலையேறி, இறங்கி, பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் வரை பெருமாளின் வேட்டை. "என்ன மாமா, ஒண்ணும் அடிக்காமத் திரும்பறார்?" என்றான். காமாட்சி கையில் கரும்பு வில்லும் பூ அம்பும்தானே, அதற்கு இறகே கிடையாது என்றேன். பதிலா இது என்று எனக்கே தெரியவில்லை.

கடைசியில் வெட்டு பற்றித் தகராறு. பின்பக்கம் கூராக நிற்கும் கேடய வெட்டு அவனுக்கு வேண்டும், பார்க்க அழகு. எனக்கு உருண்டை வெட்டு. என் காதுக்குக் கேடய வெட்டு அதிகமாகச் சீறுகிறது. ஆறு அப்படி, ஆறு இப்படி என்று முடிந்தது.

வேட்டைப் பருவத்தில் போன் வந்தது. "இருபது கஜம் மாமா. மான் குனிஞ்சுடுச்சு, அம்பு மேல போயிடுச்சு."

"எந்த வெட்டு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கேடயம்தான்."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். இருபது கஜம் 18 மீட்டர். அவன் அம்பு விநாடிக்கு ஐம்பது மீட்டர் போனால் அதிகம். போய்ச்சேர மூன்றில் ஒரு பங்கு விநாடிக்கு மேல் ஆகும். நாணின் சத்தமோ இருபதில் ஒரு பங்கு விநாடியில் மான் காதுக்குப் போய்விடும். இறகைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாணில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக நூல் குஞ்சம் கட்டச் சொன்னேன்.

"பட்டுலயா மாமா?"

"பட்டு வேணாம்டா. கம்பளி போதும்." காஞ்சிபுரத்துக்காரன் வாயில் வரக்கூடாத வார்த்தை.