ஞானப் பல்லுக்கு சீட் இல்லை!

உங்களுக்கு இருபது வயசா? கடைவாய் ஓரத்துல லேசா விண்விண்ணுங்குதா? கங்கிராட்ஸ்! ஞானப் பல் வருது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல இன்டர்ன்ஷிப்புக்கு வந்த எனக்கும் இப்போ அதே கதைதான். பேர்தான் ஞானம், பண்றதெல்லாம் அராஜகம்!

வழக்கமா 17 வயசுல இருந்து 25 வயசுக்குள்ள முளைக்கிற கடைசி கடைவாய்ப் பல் இது. ஒரு ஷேர் ஆட்டோவை நினைச்சுக்கங்க. 28 பேர் ஏற்கெனவே ஏறியாச்சு. கடைசியா ஓடிவர்ற நாலு பேருக்கு சீட் இல்லை. ஒருத்தர் சாய்ஞ்சு பக்கத்து ஆளை இடிப்பார். இன்னொருத்தர் எலும்புக்குள்ளேயே படுத்துடுவார்!

ஏன் இடமில்லை? நம்ம திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் 15 லட்சம் வருஷப் பழமையான கற்கருவிகள் கிடைச்சிருக்கு. அந்தக் காலத்து ஆளுங்க கடிச்ச கடிக்கு பெரிய தாடை தேவைப்பட்டது. நாம குழைய வெச்ச சோறு சாப்பிடறோம். தாடை சின்னதாயிடுச்சு, பல்லு மட்டும் பழைய டிராயிங்படியே வருது!

பாதி முளைச்ச பல்லை ஈறு மூடியிருக்கும். அந்த இடுக்குல சோறு சிக்கி, கிருமி சேர்ந்து, கன்னம் வீங்கி, வாயையே திறக்க முடியாது. அப்போ ஷிப்ட் பசங்க என்ன பண்றாங்க? ஒரு வலி மாத்திரை, ஒரு டீ, திரும்ப மெஷின். கான்ட்ராக்ட்ல இருக்கிறவருக்கு லீவுன்னா அன்னிக்கு சம்பளம் போச்சே! ஆனா பாஸ், மாத்திரை வலியை அடக்கும், கிருமியை அடக்காது. ஜுரம், எச்சில் விழுங்க சிரமம், கழுத்து வரை வீக்கம்... இதுல எது வந்தாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. வீக்கம் மூச்சுக்குழாயை அடைச்சா உயிருக்கே ஆபத்து.

செலவுக்கு பயமா? யூனிட் ரயிலேறி சென்ட்ரல்ல இறங்குங்க. கோட்டை ஸ்டேஷன் பக்கத்துலயே 1953ல் ஆரம்பிச்ச அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. தாடை முழுக்கக் காட்டுற எக்ஸ்ரே எடுத்தா, பல் எந்தக் கோணத்துல படுத்திருக்குன்னு தெரிஞ்சிடும். தொல்லை தராத ஞானப் பல்லைப் பிடுங்கியே ஆகணும்னு இல்லை. எடுக்க வேண்டியதுன்னா, வேர் முழுசா வளராத நம்ம வயசுலயே எடுக்கிறது சுலபம். அதுவரைக்கும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில கொப்பளிங்க.

சூப்பர்வைசர் சார்களே, கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பையன் வந்து நின்னா, அரை நாள் சம்பளத்தை வெட்டாம அனுப்பி வைங்க. உங்களுக்கும் ஒரு காலத்துல ஞானம் முளைச்சிருக்குமே!