தோசை வட்டத்தை அளந்தவர்களுக்கு

மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனின் டாக்டர் வி. மோகன், டாக்டர் ஆர். எம். அஞ்சனா, டாக்டர் வி. சுதா அவர்களுக்கும், கேள்வித்தாளோடு சென்னையின் வீட்டுப் படிகளை ஏறி இறங்கிய களப்பணியாளர்கள் அனைவருக்கும்,



நான் மயிலாப்பூர்க்காரி. உங்களில் யாரிடமும் நேரில் பேசியதில்லை. ஆனால் இன்று என் அடுப்பில் எது எவ்வளவு வேகிறது என்பதைத் தீர்மானித்ததில் உங்களுக்குப் பங்கு இருக்கிறது. அதைச் சொல்லி நன்றி தெரிவிக்கவே இந்த மடல்.

"எங்க வீட்டுல முட்டைகூடக் கிடையாது. அப்புறம் எப்படி இந்த உடம்பு?" நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடைக்கு வரும் பெண்களிடம் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கலாம். சைவம் என்றாலே லேசான சாப்பாடு என்று இந்தப் பக்கத்தில் ஓர் ஆழமான நம்பிக்கை உண்டு. அப்படியும் எடை ஏறினால் நெய்யைச் சொல்வோம், தைராய்டைச் சொல்வோம், அம்மா வழி உடம்புவாகு என்போம். தட்டின் நடுவே வெள்ளையாகக் குவிந்திருந்ததை மட்டும் யாரும் சொல்லவில்லை. நீங்கள்தான் அதை எண்ணிப் பார்த்துச் சொன்னீர்கள்.

எப்படி எண்ணினீர்கள் என்று படித்தபோது உங்கள் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. 2001-ல் தொடங்கிய 'க்யூர்ஸ்' ஆய்வில் சென்னையில் மட்டும் 26,001 பேரைச் சந்தித்திருக்கிறீர்கள். உணவைப் பற்றிக் கேட்க நீங்கள் தயாரித்த கேள்வித்தாளில் 222 பதார்த்தங்கள். கையோடு கிண்ணம், கப், கரண்டி, ஸ்பூன், சின்னதும் பெரியதுமான வட்டங்கள், பழங்களின் அளவைக் காட்டும் படங்கள். "கொஞ்சம்தான் சாப்பிடுவேன்" என்று சொல்லும் ஊரில், அந்தக் 'கொஞ்சம்' எந்தக் கரண்டியில் எத்தனை என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். வெளிநாட்டுப் பட்டியல் எதிலும் நம் ரசமும் இல்லை, பொரிச்ச கூட்டும் இல்லை. நம் சமையலறையின் பாத்திரங்களைக் கொண்டே நம் சாப்பாட்டை அளந்ததால்தான் அந்தக் கணக்கு எங்களுக்குப் பொருந்துகிறது.

2009-ல் வெளிவந்த உங்கள் கட்டுரைகள் சொன்ன விஷயம் இது: சென்னைக்காரர் ஒரு நாளில் சாப்பிடும் கலோரியில் கிட்டத்தட்டப் பாதி, தீட்டிய தானியத்திலிருந்து வருகிறது. அதில் முக்கால் பங்கு வெள்ளை அரிசி. அதை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இடுப்பளவு அதிகம், ட்ரைகிளிசரைடு அதிகம், நல்ல கொழுப்பு குறைவு. படித்ததும் எங்கள் வீட்டு நாளை மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். காலையில் பொங்கல் அல்லது இட்லி. மத்தியானம் முதலில் சாம்பார் சாதம், பிறகு ரசம் சாதம், கடைசியில் மோர் சாதம். சாயங்காலம் காபியோடு முறுக்கு, அதுவும் அரிசி மாவு. ராத்திரி தோசை. ஒரே அரிசி நாள் முழுக்க உடை மாற்றிக்கொண்டு வந்து நின்றது. ஏகாதசி விரதத்திலும் சாதத்தைத்தான் தள்ளிவைப்போம். ராத்திரிப் பலகாரமாக ரவை உப்புமா வந்துவிடும்.

எடை ஏறியதற்காக மந்தைவெளியில் எங்கள் குடும்ப டாக்டர் என்னை அனுப்பிவைத்த உணவு ஆலோசகர், என் மகள் வயதுப் பெண். அவர் மேஜையிலும் அதே கரண்டிகள், அட்டையில் வெட்டிய அதே வட்டங்கள். "உங்க தோசை இதுல எதும்மா?" என்று கேட்டார். காட்டினேன். "சாதம் இந்தக் கரண்டியில எத்தனை? ரசத்துக்குத் திரும்பப் போட்டுப்பீங்களா? மோருக்கு?" எழுதிக்கொண்டே போனார். முகம் சுளிக்கவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. எழுதி முடித்த காகிதத்தை என் பக்கம் திருப்பி, "நீங்களே பாருங்கம்மா, பருப்பு எங்க இருக்கு?" என்று கேட்டார். சாம்பாரில் கரைந்திருந்ததைத் தவிர வேறெங்கும் இல்லை.

பாண்டி பஜாரில் பொடியாக, டின்னாக, மூன்று வேளைக்குப் பதில் குடிக்கும் பானமாக எடைக்குறைப்பை விற்பவர்கள் உண்டு. அந்தப் பெண் எனக்கு எதையும் விற்கவில்லை. எங்கள் சாப்பாட்டிலிருந்து ஒன்றையும் பிடுங்கவும் இல்லை. பாதித் தட்டுக்குக் காய், கால் தட்டுக்குப் பருப்பு அல்லது பயறு, மிச்சக் கால் தட்டுக்குச் சாதம். சாதத்தை ஒரே தடவை போட்டுக்கொள்ள வேண்டும், சாம்பாருக்கும் ரசத்துக்கும் மோருக்கும் அதையே பங்கிட வேண்டும். இவ்வளவுதான் அவர் சொன்னது. 100 கிராம் சாதத்தில் புரதம் 3 கிராம்கூட இல்லை, வேகவைத்த 100 கிராம் கொண்டைக்கடலையில் ஏறக்குறைய 9 கிராம் இருக்கிறது என்பதையும் அதே காகிதத்தின் ஓரத்தில் குறித்துக் கொடுத்தார். நவராத்திரியில் ஒன்பது நாள் மட்டும் வீட்டுக்கு வரும் சுண்டலை வருஷம் முழுக்க வைத்துக்கொள்ளச் சொன்னார்.

பருப்பு உசிலியை நான் இப்போது எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் சமமாக ஊறவைத்து, மிளகாய் வற்றலோடு கொரகொரப்பாக அரைத்து, இட்லித் தட்டில் ஆவியில் வேகவைத்து, ஆறியதும் உதிர்க்கிறேன். ஏற்கெனவே வெந்துவிட்ட பருப்பு என்பதால் வாணலியில் எண்ணெயைக் குடிப்பதில்லை. இரண்டு டீஸ்பூன் போதும். கொத்தவரங்காய் நிறைய, பருப்பு நிறைய. முன்பு சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளச் செய்தது, இப்போது அதுதான் சாப்பாடு, சாதம் தொட்டுக்கொள்ள. அடைக்கு அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டியாயிற்று. தெற்கு மாட வீதியில் கீரை விற்கும் அம்மா, நான் தெருமுனையில் வரும்போதே முளைக்கீரைக் கட்டு இரண்டை எடுத்துத் தனியாக வைத்துவிடுகிறார். அந்த அம்மாவுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு. கீரை மலிவாகவும் புதிதாகவும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் பாதித் தட்டை எதால் நிரப்புவது?

எடை மெதுவாகத்தான் இறங்கியது. முதலில் இறங்கியது இடுப்பு. தையல்காரரிடம் ரவிக்கைகளைக் கொடுத்து உள்ளே பிடிக்கச் சொன்னேன். நம் பெண்களுக்கு இடுப்பளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், உடல் எடைக் குறியீட்டில் 23-லிருந்தே நமக்கு அதிக எடை என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. 2023-ல் நீங்கள் வெளியிட்ட ஐசிஎம்ஆர்-இந்தியாப் (INDIAB) ஆய்வின் கணக்கின்படி வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்ந்தவர்கள் நாட்டில் 35.1 கோடிப் பேர். சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி. இதில் சைவக்காரர்களுக்கு விலக்கு ஏதுமில்லை.

மெஷினில் ஏறி நின்று முள் அசையவில்லை என்று சோர்ந்துபோகும் தோழிகளிடம், சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்த ஆய்வைச் சொல்கிறேன். அது 2006-ல் வெளிவந்தது. சர்க்கரை எல்லையில் நின்ற 531 பேர். உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. எடை குறிப்பிடும்படி குறையாமலே அது நடந்தது. எடையைத் துரத்திக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இதைவிட ஆறுதலான செய்தியை நான் அறியவில்லை. பிறகு அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 578 பேரை வைத்து நீங்கள் சென்னையில் நடத்திய டி-கிளிப் ஆய்வு, வகுப்பு நடத்திச் சொல்லிக்கொடுத்து, தேவைப்பட்டவர்களுக்கு மெட்ஃபார்மினும் கொடுத்து, அந்த வாய்ப்பை 32 சதவீதம் குறைத்துக் காட்டியது. உங்களில் டாக்டர் மோகன், 1948-ல் ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்றே தனிப் பிரிவைத் தொடங்கிய பேராசிரியர் எம். விஸ்வநாதனின் மகன். அவரும் டாக்டர் ராமச்சந்திரனும் இதே ஊரில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்தது சென்னையின் பாக்கியம்.

நேர்மைக்காகவும் உங்களுக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். 2025 செப்டம்பரில் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த உங்கள் கட்டுரை, நாட்டு மக்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து என்றும் புரதம் 12 சதவீதம் அளவுதான் என்றும் காட்டியது. சிறுதானியம்தான் சர்வரோக நிவாரணி என்று ஊரெல்லாம் விளம்பரப் பலகை நிற்கும் நேரத்தில், அரிசியை எடுத்துவிட்டு அதே அளவு சிறுதானிய மாவையோ முழுக்கோதுமையையோ வைப்பதால் சர்க்கரை அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை என்று எழுதினீர்கள். மாவுச்சத்தின் மொத்த அளவைச் சற்றே குறைத்து, அந்த இடத்தில் பயறு, பருப்பு, பால் பொருள் போன்றவற்றின் புரதத்தை வைத்தவர்களுக்குத்தான் அபாயம் குறைவு. கேழ்வரகு தோசை என்ற பெயரில் ஐந்தாறு தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்த என் அக்காவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். இப்போது அவள் வீட்டில் பச்சைப்பயறு அரைத்து வார்க்கும் பெசரட்டு.

அடையாறில் இருக்கும் என் அக்கா மகள் பாலும் தயிரும்கூடத் தொடுவதில்லை. மாடு கன்றுகள் படும் பாட்டைப் பார்த்து எடுத்த முடிவு அது, எடைக்காக இல்லை. ஆனாலும் அவளுக்கும் இதே தட்டுதான். தயிரின் இடத்தில் சோயாவும் டோஃபுவும், கைப்பிடி நிலக்கடலையும். பி12 மட்டும் செடி கொடி எதிலிருந்தும் போதுமான அளவு கிடைக்காது என்பதால் டாக்டரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்கிறாள்.

நன்றியோடு ஒரு வேண்டுகோளும் உண்டு.

எங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண் மறக்காமல் கறியும் மீனும் வாங்குவது ஞாயிற்றுக்கிழமைதான். மற்ற நாள்களில் அவளும் கிட்டத்தட்டச் சைவம். நான் செய்ததைப் பார்த்துவிட்டு, "எனக்கும் சொல்லுங்கம்மா, மூச்சு வாங்குது" என்றாள். தட்டை வரைந்து காட்டினேன். "அரிசி சும்மா குடுக்கறாங்க, பருப்பு யாரும்மா குடுக்கறா?" என்று கேட்டாள். 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது; பல வீடுகளின் பசியைப் போக்கிய திட்டம் அது, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஆனால் ஒரு கார்டுக்கு மாதம் ஒரு கிலோதான். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒருவர் பங்கு நாளைக்கு எட்டு கிராம் சொச்சம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் சொன்ன அளவு, ஒருவருக்கு ஒரு நாளில் 85 கிராம் பருப்பு, பயறு. எனக்குச் சொன்ன கால் தட்டை அவள் எந்தக் கடையில் வாங்குவாள்?

என் போன்றவர்களின் பேச்சு கோட்டைக்குள் போகாது. உங்கள் எண்கள் போகும். ரேஷனில் பருப்பைக் கூட்ட வேண்டும், கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் சேர வேண்டும் என்று அமைச்சர்களின் மேஜையில் அந்தத் தோசை வட்டங்களையும் கரண்டிகளையும் பரப்பி நீங்கள் சொல்ல வேண்டும். எனக்குக் கிடைத்தது அவளுக்கும் கிடைக்கட்டும்.


மயிலாப்பூரிலிருந்து,
உங்கள் கணக்கால் பிழைத்த ஒருத்தி