உள்ளே கையை விட்டுப் பாரு!

ஆபீஸில் எனக்கு 'புல்லுக்கட்டு' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. நேரில் யாரும் கூப்பிடுவதில்லை, முதுகுக்குப் பின்னால்தான். பட்டப்பெயருக்கு அதுதானே மரியாதை!

காரணம் இதுதான். நான் ஸ்டோர்ஸ் செக்ஷன். லாரியில் சரக்கு வந்து இறங்கினால், எண்ணிப் பார்த்து, தரம் பார்த்து, 'சரி பார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. மற்றவர்கள் மேலே இருக்கும் சரக்கைத் தட்டிப் பார்ப்பார்கள். நான் கட்டைப் பிரித்து, நடுவே முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவுவேன். அப்புறம் கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பேன். லாரி டிரைவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். "கொத்துமல்லிக்காரம்மா உங்களைத் தூரத்துல பார்த்தாலே கூடையை மூடிக்கிறாங்க" என்பாள் என் மனைவி.

இந்தப் பழக்கம் எனக்கு ஒரு குதிரையால் வந்தது.

குதிரை என்றதும் கண்ணடிக்காதீர்கள் ஸார். நான் கிண்டிப் பக்கம் போனவன் இல்லை. 'குதிரைப் பந்தயம் சூதாட்டமில்லை, திறமை சார்ந்த விளையாட்டுன்னு 1996-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு' என்று என் நண்பர் ஒருவர் அடிக்கடி எடுத்துச் சொல்வார். மாசக் கடைசியில் என்னிடம் கைமாற்று வாங்குகிறவரும் அவர்தான். நான் சொல்வது ஓடுகிற குதிரை இல்லை, இழுக்கிற குதிரை. பழனியில் என் அப்பா ஜட்கா ஓட்டினார்.

குதிரை பேர் சிட்டு. செம்மண் கலர். நெற்றியில் யாரோ சுண்ணாம்பு விரலால் தொட்டுவிட்ட மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டு. பஸ் ஸ்டாண்டிலிருந்து அடிவாரம், அடிவாரத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு. இதுதான் அவள் உலகம். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது, நான் பள்ளிக்கூடம் போனது, அக்கா கல்யாணம்... எல்லாம் அவள் நாலு காலில்தான்.

அதனால் வீட்டில் முதல் சாப்பாடு அவளுக்கு. அப்புறம்தான் எங்களுக்கு. கொள்ளை ஊறப்போட்டு வேகவைத்துக் கொடுக்கிற உபசாரமெல்லாம் இருக்கட்டும். அப்பா அதிகமாகக் கவலைப்பட்டது புல்லைப் பற்றித்தான்.

"கொள்ளு பலகாரம்டா. புல்லுதான் சோறு" என்பார்.

இருநூற்றைம்பது கிலோ எடையுள்ள நாட்டுக் குதிரைக்கு ஒரு நாளைக்குச் சுமார் ஐந்து கிலோ காய்ந்த புல் வேண்டும். வைக்கோல் போட்டால் ஆகாதா? ஆகாது. வைக்கோல் மாட்டுக்குத்தான் லாயக்கு. மாடு நாலு அறை வயிறு வைத்துக்கொண்டு, தின்றதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து அசைபோட்டுச் சமாளிக்கும். குதிரைக்கு ஒரே வயிறு, அதுவும் உடம்புக்குச் சின்னது. சத்தில்லாத முரட்டு வைக்கோலையே தின்றால் குடலில் அடைத்துக்கொள்ளும். இன்னொரு விஷயம் தெரியுமா? குதிரையால் வாந்தி எடுக்க முடியாது! நாம் ராத்திரி கடை பரோட்டா ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வெளியே தள்ளிவிட்டுக் காலையில் ஆபீஸ் போய்விடுகிறோம். குதிரைக்கு அந்த வசதியே கிடையாது. உள்ளே போனது போனதுதான்.

அப்பா புல் வாங்கப் போனால் பெண் பார்க்கப் போகிற மாதிரி இருக்கும். அருகம்புல் என்றால் முதல் மரியாதை. கொழுக்கட்டைப் புல்லும் சரி. பூத்து, விதை பிடித்து முற்றிப்போன புல்லைத் தொடமாட்டார். அதில் தண்டுதான் மிஞ்சும், இலை இருக்காது. நல்ல புல் காய்ந்த பிறகும் இளம்பச்சையாக இருக்கவேண்டும். ஒரு கைப்பிடி எடுத்து முறுக்குவார். சடசடவென்று முறிந்தால் சரியான காய்ச்சல். கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டால் உள்ளே ஈரம். அப்புறம் கட்டைத் தரையில் ஒரு தட்டுத் தட்டுவார். புகை மாதிரி தூசி கிளம்பினால் பூஞ்சை. குதிரைக்கு இருமல் வந்து மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும்.

கடைசியில் கட்டைப் பிரித்து அரளி இலை, ஊமத்தை ஏதாவது கலந்திருக்கிறதா என்று பார்ப்பார். அரளி இலை கொஞ்சம் போனாலே போதும், குதிரை போய்விடும். இதையெல்லாம் முடித்துவிட்டு, கட்டு நடுவில் கையை விட்டுத் துழாவி மோந்து பார்ப்பார். வெயிலில் காய்ந்த புல்லுக்கு ஒரு இனிப்பு வாசனை உண்டு. அது இருந்தால்தான் காசு.

வாங்கியதை வைப்பதிலும் அத்தனை பத்தியம். லாயத்தின் ஒரு மூலையில் செங்கல் அடுக்கி, அதன்மேல் பலகை போட்டு, பலகைமேல்தான் கட்டு. தரையில் வைத்தால் மண் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சுவரை ஒட்டியும் வைக்கக்கூடாது, ஒரு ஜாண் இடைவெளி. கட்டுக்கும் கட்டுக்கும் நடுவே காற்று போகவேண்டும். தார்ப்பாயைப் போட்டு இறுக்க மூடினால் உள்ளேயே வியர்த்துப் புழுங்கும். பழைய கட்டு முதலில், புதுக் கட்டு பின்னால். புரட்டாசியிலேயே ஒரு மாசத்துக்கு வாங்கி அடுக்கிவிடுவார். ஐப்பசி மழையில் காய்ந்த புல்லுக்கு எங்கே போவது?

1983-ம் வருஷம். நான் ஒன்பதாவது. கந்த சஷ்டி சமயம். ஊர் முழுக்க ஜனம். அப்பா விடியற்காலை நாலு மணிக்கு வண்டி பூட்டினால் வீடு திரும்ப ராத்திரி பத்து. அந்த ஆறு நாள் சம்பாத்தியம் எங்களுக்கு மூன்று மாசத்து வாடகை.

மழை முன்னாலேயே பிடித்துக்கொண்டதால் புல் இருப்பு சீக்கிரம் குறைந்துவிட்டது. அப்பா பன்னிரண்டு ரூபாயை என் கையில் கொடுத்தார்.

"நாலு கட்டு வாங்கிடு கண்ணு. கட்டு மூணு ரூபா. பார்த்து வாங்கு."

வழக்கமாக வாங்குகிற அம்மாவிடம் போகிற வழியில் ஓர் ஆள் வண்டியில் கட்டுகளை வைத்துக்கொண்டு நின்றான். "ரெண்டு ரூபாதான் தம்பி, எடுத்துக்க" என்றான். நாலு கட்டு எட்டு ரூபாய். மிச்சம் நாலு ரூபாய்! பதிமூன்று வயசுப் பையனுக்கு நாலு ரூபாய் என்றால் ஒரு ரஜினி படம், இடைவேளையில் முறுக்கு, வெளியே வந்து பரோட்டா. கட்டின் மேலே பார்த்தேன். பச்சையாக, காய்ந்து, அழகாகத்தான் இருந்தது. கையை உள்ளே விடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் என் கண்ணுக்குப் புல்லே தெரியவில்லை, ரஜினிதான் தெரிந்தார்.

வாங்கி வந்து செங்கல், பலகை என்று எந்தச் சடங்கும் இல்லாமல் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அமுக்கி வைத்துவிட்டு மேட்னிக்கு ஓடினேன்.

மூன்றாம் நாள் ராத்திரி அந்தப் புல்லை எடுத்துச் சிட்டுவுக்குப் போட்டேன். மோந்து பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னையே பார்த்தாள்.

"பெரிய மகாராணி! பசிச்சா தானா தின்னுவே" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

பாவம், பகலெல்லாம் இழுத்த குதிரை. பசித்தது. தின்றாள்.

ராத்திரி ரெண்டு மணி இருக்கும். லாயத்தில் தடதடவென்று சத்தம். லாந்தரை எடுத்துக்கொண்டு ஓடினோம். சிட்டு முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டிருந்தாள். திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தாள். உடம்பெல்லாம் வியர்வை. திடீரென்று கீழே விழுந்து புரண்டாள்.

"வயித்து வலிடா! எழுப்பு, எழுப்பு! புரள விடாதே!"

அப்பா கடிவாளத்தைப் பிடித்து எழுப்பி, மழைத் தூறலில் அவளை நடத்த ஆரம்பித்தார். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. நின்றால் படுத்துவிடுவாள் என்று நடத்திக்கொண்டே இருந்தார். அவளோடு பேசிக்கொண்டே நடந்தார். "இன்னும் நாலு அடி தாயி... இன்னும் நாலு அடி." அம்மா முருகனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். நான் கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் வீட்டுக்கு ஓடினேன்.

டாக்டர் தூக்கக் கலக்கத்தோடு வந்தார். வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டார். ஊசி போட்டார். மூக்கு வழியாக நீளமான ரப்பர் டியூபை மெல்ல இறக்கி, எண்ணெய் மருந்தை ஊற்றினார். "லத்தி போட்டா பொழச்சுக்கும். பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, "பூஞ்சைப் புல்லு ஏதாவது போட்டீங்களா?" என்று கேட்டார்.

அப்பா பதில் சொல்லாமல் லாயத்துக்குள் போனார். என்னைக் கூப்பிட்டார். மூலையில் மிச்சம் இருந்த கட்டுகளைக் காட்டினார்.

"உள்ளே கையை விட்டுப் பாரு."

விட்டேன். சுரீரென்றது. வெந்து இறக்கிய சோற்றுப் பானைக்குள் கையை விட்ட மாதிரி ஒரு சூடு! கையை இழுத்தேன். விரலெல்லாம் வெள்ளைத் தூள். புளித்த நாற்றம். வெளியே பச்சை, உள்ளே கறுப்பு.

அப்புறம்தான் காரணம் தெரிந்துகொண்டேன். ஈரத்தோடு கட்டிய புல் சும்மா இருக்காது. அதில் கிருமியும் பூஞ்சையும் பெருகும், பெருகப் பெருகச் சூடு ஏறும். புல்லில் ஈரம் நூற்றுக்கு இருபது பங்கைத் தாண்டினாலே ஆபத்து. பெரிய போராக இருந்தால் யாரும் தீக்குச்சி கிழிக்காமலே தானாகப் பற்றி எரிந்துவிடும். வெளிநாட்டுப் பண்ணைகளில் கட்டுகள் அடுக்கிய கொட்டகைகளே இப்படி எரிந்திருக்கின்றன. இரும்புக் கம்பியைப் போருக்குள் செருகி, கொஞ்ச நேரம் கழித்து உருவித் தொட்டுப் பார்ப்பது அதற்காகத்தான்.

"எத்தனைக்கு வாங்கினே?" என்றார் அப்பா.

"கட்டு மூணு ரூபா."

"அந்த அம்மாகிட்டயா?"

"ம்."

அவ்வளவுதான். தலையை ஆட்டிவிட்டுத் திரும்ப நடத்தப் போய்விட்டார்.

விடிந்து ஆறரை மணிக்குச் சிட்டு லத்தி போட்டாள். ஒரு குதிரை லத்தி போட்டதற்கு ஒரு குடும்பமே கைகூப்பி நின்றதை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். நான் பார்த்தேன். அப்பா தெருவிலேயே உட்கார்ந்து அழுதார்.

ஆனால் சூரசம்ஹாரம் முடிகிறவரை சிட்டு வண்டி இழுக்கவில்லை. டாக்டர், மருந்து, வாடகை... அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. தை மாசம் வரை அம்மா காதில் வேப்பங்குச்சி. அந்தக் குச்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கை சுடும்.

1994-ல் எனக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு ஜோடித் தோடு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். ராத்திரி லாயத்துத் திண்ணையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னேன்.

"அப்பா... அந்தப் புல்லு... கட்டு ரெண்டு ரூபாதான். வேற ஆள்கிட்ட வாங்கினேன்."

அப்பா பீடியைத் தட்டினார்.

"தெரியும். மறுநாளே அந்த அம்மா சொல்லிடுச்சு, உம்மவன் இந்தப் பக்கமே வரலைன்னு."

"அப்ப ஏன் கேக்கலை?"

"நீயா சொல்றியான்னு பார்த்தேன். ஈரப் புல்லு மூணு நாள்ல சூடு காட்டிடுச்சு. உனக்குப் பதினோரு வருஷம் ஆச்சு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை.

சிட்டு அதற்கு முன்பே போய்விட்டாள். 1998-ல் அப்பா ஜட்காவை விற்றார். ஆட்டோவோடு போட்டி போட முடியவில்லை. 2009-ல் அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், போன மாசம் எங்கள் செக்ஷனில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் என் டேபிள் பக்கமே சுற்றிச் சுற்றி வந்தான். முகம் பேயறைந்த மாதிரி. மெல்ல விசாரித்தேன். நான் லீவில் இருந்த அன்று அட்டைப்பெட்டி லோடு வந்திருக்கிறது. மேல் கட்டைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டான். அன்றைக்கு கிரிக்கெட் மேட்ச், சீக்கிரம் போகவேண்டும். இப்போது பிரித்தால் உள்கட்டெல்லாம் ஈரத்தில் நமுத்துப் போயிருக்கிறது.

"குடோன்ல ஒழுகிடுச்சுன்னு எழுதிடலாமா ஸார்? யாருக்கும் தெரியாது."

நான் அவனை கேன்டீனுக்கு அழைத்துப்போய் டீ வாங்கிக் கொடுத்து, இந்தக் கதையைச் சொன்னேன். முடித்ததும் அவன் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் எழுந்து நேராக மேனேஜர் ரூமுக்குப் போனான். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மேனேஜரின் கை மட்டும் மேலும் கீழும் ஆடியது தெரிந்தது. கால் மணி கழித்து வெளியே வந்தான்.

"என்னப்பா ஆச்சு?"

"செம திட்டு ஸார். அப்புறம் லோடைத் திருப்பி அனுப்பச் சொல்லிட்டார். இன்னிக்கே லெட்டர் போடணும்."

"இப்ப எப்படி இருக்கு?"

"பசிக்குது ஸார்" என்றான். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம்!

நேற்று அடுத்த லோடு வந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். பையன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கட்டைப் பிரித்து, முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான்.

லாரி டிரைவர் சிரித்தார்.

பட்டப்பெயருக்கு வாரிசு கிடைத்துவிட்டது ஸார். இனி நான் நிம்மதியாக ரிடையர் ஆகலாம்!