அக்காவின் தானம்

காலஞ்சென்ற என் தமக்கை வீணை வாசிப்பதை 2011-இல் நான் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். சென்ற வாரம் அதைப் போட்டபோது, தானத்தின் நடுவிலேயே விரல்கள் நின்றுவிட்டன. மௌஸும் நகர மறுத்தது. கம்ப்யூட்டரும் என்னைப் போலக் கிழடாகிவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

மாடி வீட்டுப் பையன் வந்து பார்த்தான். "சுருக்கி வைத்த படத்தை விரிக்கிற வேலை கிராபிக்ஸ் சிப்பினுடையது, மாமா. அதன் டிரைவர் பழசு, புது சிஸ்டத்தோடு ஒத்துப்போகவில்லை" என்றான். (நான் காரோட்டியை நினைத்துக்கொண்டேன். அவன் சிரிக்கவில்லை, நல்ல பிள்ளை.)

முதலில் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனை நிறுத்தினான். படம் ஓடிற்று. ஆனால் பாரம் முழுவதும் பிராசஸர் தலையில் விழுந்ததால் விசிறி போட்ட ஓலத்தில் வீணை அமுங்கிவிட்டது. பிறகு புதிய டிரைவரை ஏற்றி, நிறுத்தியதைத் திரும்ப முடுக்கினான். விசிறி அடங்கியது.

வாசித்து முடித்த அக்கா, மெல்லத் தலை நிமிர்ந்து, "பதிவாச்சாடா?" என்று கேட்கிறாள். அப்படிக் கேட்டது எனக்கு மறந்தே போயிருந்தது.