வேப்பமரத்தடி டிப்பர்

பக்கத்து வீட்டுக்காரரின் பழைய டாடா டிப்பர் நாலு வருஷமாக வேப்பமரத்தடியில் நின்றது. நாமக்கல்லில் நிற்கிற லாரிக்கு மதிப்பேது? பழைய இரும்புக்காரர் விலை பேசியும் விட்டார். "ஒரு நாள் பொறுங்க தம்பி" என்று தடுத்தவர் ஒரு வயதான மெக்கானிக்.

டீசல் எஞ்சினில் பிளக் கிடையாது. அழுத்திச் சூடேறிய காற்றில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றும். ஆனால் டீசல் குழாயில் காற்று புகுந்தால் போச்சு. டேங்கைக் கழுவி, பில்டரும் எஞ்சின் ஆயிலும் மாற்றினார். பிறகு ஏர் ஸ்குரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தார். நுரை, நுரை, மறுபடி நுரை. கடைசியில் சுத்த டீசல் வழிந்ததும் ஸ்குரூவை முடுக்கினார்.

இந்த எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் ஜெர்மானியர். ஆனால் பிறந்தது பாரிஸில், 1858இல். பிரெஞ்சில் படித்த எனக்கு அதில் ஒரு அற்பப் பெருமை! 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டினார்களாம். நம் ஊர்க் கடலைக்காட்டுக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

மூன்றாவது தடவை செல்ப் அடித்ததும் டிப்பர் இருமி, வெள்ளைப் புகை கக்கி, உறுமியது. பக்கத்து வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே ஓட்டிப் பார்க்க ஏறினார். "பிரேக் பார்க்காம ரோட்டுல ஏத்தக் கூடாதுங்க" என்று மெக்கானிக் வண்டியை அணைத்து, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.