ஒரு ‘டக்’ சத்தத்துக்குள் என்ன இருக்கிறது?

சாவியைத் திருப்பியதும் ‘டக்’ என்று ஒரேயொரு சத்தம். அதற்குப் பிறகு எஞ்சினில் அசைவே இல்லை. சாம்பல்தீவில், திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குப் போகும் வீதியோரக் கராஜுக்குக் கயிறு கட்டி இழுத்து வரப்பட்ட டொல்பின் வானின் வருத்தம் அதுதான். சுற்றுலாப் பயணிகளை ஏற்றியிறக்கும் வான் அது. புறாத்தீவுக்குப் படகுகள் ஓடும் மாதங்களில் ஒருநாள் நின்றாலும் சாரதியின் அன்றைய உழைப்புப் போய்விடும்.

“பற்றரி புதுசு அண்ணே, போன கிழமைதான் மாத்தினது” என்றார் சாரதி. கராஜ் பாஸ் பதில் சொல்லவில்லை. முன் சீற்றைத் தூக்கி, பற்றரி முனைகளில் மீற்றரை வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னார். ‘டக்’ கேட்டது. பன்னிரண்டரை வோல்ட்டில் நின்ற எண் இறங்கவில்லை என்றே சொல்லலாம்.

“பாத்தீங்களா தம்பி? பற்றரி குடுக்கத் தயாரா நிக்குது. மோட்டர்தான் வாங்குதில்லை.”

எஞ்சினைச் சுழற்றும்போது ஸ்டார்ட்டர் மோட்டர் நூறு அம்பியருக்கு மேல் இழுக்கும். டீசல் வான் என்றால் இன்னும் கூட. அவ்வளவு கரண்ட் போனால் வோல்ட் கட்டாயம் இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் கரண்ட் மோட்டருக்குள் போகவே இல்லை. அரை நிமிடத்தில் நோய் பிடிபட்டுவிட்டது. புதுப் பற்றரிக்குச் சாரதி கொடுத்த காசு வீண்.

மோட்டரைக் கழற்றும்போது முதலில் பற்றரியின் மைனஸ் வயரை எடுத்தார்கள். ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த வயரில் சாவி போட்டாலும் போடாவிட்டாலும் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். ஸ்பானர் ஒன்று அதையும் வானின் பொடியையும் சேர்த்துத் தட்டினால் பொறி பறக்கும். வேலை பழகும் பையனுக்குப் பாஸ் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே இதுதானாம்.

மேசைக்கு வந்த மோட்டரின் மூடியிலும் உடலிலும் அரத்தால் ஒரு கோடு இழுத்தார்; திரும்பப் பூட்டும்போது இடம் மாறக்கூடாது. இரண்டு நீள போல்ட்களைக் கழற்றிப் பகுதி பகுதியாகப் பிரித்தார். ஜப்பானின் டென்சோ செய்த, கியர் வைத்த மோட்டர். உள்ளே சுழலும் பாகமான ஆமேச்சர் வேகமாகச் சுற்ற, இடையிலுள்ள பற்சக்கரங்கள் அந்த வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும். அதனால்தான் இவ்வளவு சிறிய மோட்டரால் டீசல் எஞ்சினைப் புரட்ட முடிகிறது. வெளியே பாய்ந்து எஞ்சினின் பற்சக்கரத்தைப் பிடிக்கும் பல்லைக் கொண்டது பெண்டிக்ஸ்; அதன் தண்டின் துளைக்குள் ஒரு சின்ன இரும்புக் குண்டு இருக்கிறது. பாஸ் அதைக் காந்தத்தால் எடுத்து ஒரு மூடிக்குள் போட்டார். மின்காந்தச் சுவிட்சான சொலனோயிட்டின் தள்ளுதண்டு பெண்டிக்ஸைத் தள்ளுவது அந்தக் குண்டின் வழியாகத்தான். அது இல்லாமல் பூட்டினால் பல் சரியாக வெளியே வராது.

சொலனோயிட்டின் பின்மூடியைத் திறந்ததும் விஷயம் வெளிச்சமாயிற்று. உள்ளே இரண்டு செம்புத் துண்டுகள். சாவி போடும்போது தள்ளுதண்டிலுள்ள செம்பு வளையம் வந்து இரண்டையும் இணைக்க வேண்டும். பற்றரிப் பக்கத்துத் துண்டு கறையான் அரித்த பலகைபோலக் குழிந்து கறுத்திருந்தது. ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணும்போதும் அங்கே ஒரு பொறி. ஒவ்வொரு பொறியும் கொஞ்சம் செம்பைத் தின்னும். வளையம் முழுத்தூரம் வந்தும் அந்தக் குழியைத் தொடவில்லை. ‘டக்’ என்று கேட்டது வளையம் வந்து நின்ற சத்தம்.

வான் நின்றதற்குக் காரணம் விரல் நுனியளவு செம்பு. அதை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கலாம். ஆனால் கடல் இங்கே வீதிக்குக் கிட்ட. உப்புக் காற்று வயர் முனைகளில் பச்சைக் களிம்பைப் பிடிக்க வைக்கும். எர்த் போல்ட்டைத் துருவேற்றும். “திறந்தது திறந்ததுதான்” என்று பாஸ் மிச்சத்தையும் பார்த்தார். ஆமேச்சரின் செம்புக் கீற்றுகளைச் சாண்ட் பேப்பரால் சுற்றித் துடைத்தார். எமரித் தாளைப் பையன் நீட்டியபோது தட்டிவிட்டார். அதன் துகள் கீற்றுகளுக்கு நடுவே தங்கினால் கரண்ட் தப்பும். பிறகு தீட்டி மெல்லிசாக்கிய உடைந்த ஹக்ஸோ பிளேட்டால் கீற்றுகளுக்கிடையிலுள்ள மைக்காவைச் செம்பின் மட்டத்துக்குக் கீழே சுரண்டினார். மைக்கா துருத்தினால் கீற்றுகளில் உரசும் காபன் துள்ளும், பொறி கூடும். தலை குனிந்து ஒவ்வொரு பிளவாகச் செய்யும் இந்த வேலையில் அவசரம் சரிவராது. பெண்டிக்ஸை மட்டும் மண்ணெண்ணெயில் போடவில்லை. அதன் ஒருவழிக் கிளச்சுக்குள் இருக்கும் கிறீஸ் கழுவப்பட்டால் ஆயுள் முடிந்தது. துணியால் துடைத்து வைத்தார்.

இந்த மோட்டர் இல்லாத காலமும் இருந்தது. 1912இல் கடிலாக் காரில் சார்ள்ஸ் கெற்றரிங்கின் மின் ஸ்டார்ட்டர் வரும்வரை கார் எடுப்பது கைப்பிடி சுற்றும் வேலை. எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் கை முறியும். இலங்கையின் உள்நாட்டு யுத்தகாலத்தில், பெற்றோலும் பற்றரியும் தடைப்பட்ட வடக்கில், ஒஸ்ரின் ஏ-40 சொமசெட்டுகள் மண்ணெண்ணெயில் ஓடியதற்கு அந்தக் கைப்பிடியும் துணை நின்றது. இன்றைய கார்களில் அது இல்லை. ஓட்டோ கியர் காரைத் தள்ளியும் எடுக்க முடியாது. ஸ்டார்ட்டர் போனால் கார் நின்ற இடம்தான்.

ஆனாலும் திறந்து திருத்துபவர்கள் குறைகிறார்கள். பழசைக் கழற்றி, கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வந்த இன்னொரு பழசைப் பூட்டினால் ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடும், இலாபமும் கூட. அந்த இன்னொன்றின் செம்பு எவ்வளவு தேய்ந்தது என்று யாருக்கும் தெரியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. இடையில் 2022இன் டொலர் நெருக்கடி. அந்த ஆண்டுகளில் நாட்டின் பழைய வாகனங்களை ஓட வைத்தது இப்படித் திறந்து பார்க்கத் தெரிந்த கைகள்தான். அந்தக் கைகளுக்கு நாம் கொடுக்கும் மதிப்பும் கூலியும் போதாது.

செம்பை மாற்றிப் பூட்டிய மோட்டரைக் காலால் அமர்த்திப் பிடித்துக்கொண்டு பற்றரி வயரை அதில் தொட வைத்தார் பாஸ். மோட்டர் துள்ளியது, பல் வெளியே பாய்ந்து சுற்றியது. சில விநாடிகளில் வயரை எடுத்துவிட்டார். வானில் பூட்டிச் சாவி போட்டபோது முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது. அரித்த செம்பைச் சாரதியின் கையில் வைத்து, “இதுதான் உங்கட வருத்தம்” என்றார்.

வாகனம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘டக்’ சத்தம் கேட்டதும் பற்றரிக் கடைக்கு ஓடாதீர்கள். முனைகளையும் எர்த் வயரையும் துடைத்துப் பாருங்கள். பிறகு மீற்றர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மோட்டரை மாற்றத்தான் வேண்டும் என்றால், கழற்றியதைத் திறந்து காட்டும்படி கேளுங்கள். திறந்து காட்டுகிற பாஸ் உங்கள் ஊரில் இருந்தால் அவரிடமே போங்கள்; கேட்ட கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.