மூழ்கும் கயிறும் மூன்று டிகிரி ஜலமும்

இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் சொல்லிக் கொடுத்து வரும் நமக்கு, எது மிதக்கும், எது மூழ்கும் என்பதில் எள்ளளவும் சந்தேகம் இருந்ததில்லை. அந்தக் கர்வம் ஸ்காட்லாந்திலே, டீ நதியிலே, ஒரு பிப்ரவரி மாதக் காலையில் கரைந்து போயிற்று.

டீ என்றதும் நேயர்கள் காப்பிக்குப் போட்டியான பானத்தை நினைக்க வேண்டாம். கெய்ர்ன்கார்ம் மலைகளில் பிறந்து அபர்டீனில் கடலைச் சேரும் நதி அது. முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து ஏறி வரும் ஸால்மன், நதியில் இரை தேடுவதில்லை. பசியில்லாத அந்த மீனுக்கு இறகும் ரோமமும் வைத்துக் கட்டிய பொய் ஈயைக் காட்டி வாய் திறக்கச் செய்வதே விளையாட்டு. ஜலம் சற்று வெதுவெதுப்பாக இருந்தால் மீனே மேலெழுந்து வரும். ஆர்தர் வுட் என்பவர் இதே நதியில், பட்டுக் கயிற்றுக்குக் கொழுப்புத் தடவி மிதக்கவிட்டே பேர் வாங்கினார். ஆனால் பனி உருகி வரும் காலத்தில் அது பலிப்பது அரிது. ஜலத்தின் குளிர்ச்சிதான் மீனின் உடம்புக்கும். அது மந்தமாகி அடியிலேயே தங்கிவிடும். ஈயை நாம்தான் அதன் மூக்கருகே கொண்டுபோக வேண்டும். ஈயோ இறகுக் கனம். அதை ஆழத்துக்கு இழுத்துச் செல்வது கயிறு.

இக்காலத்துக் கயிற்றின் மேற்பூச்சில் டங்ஸ்டன் தூள் கலந்திருக்கிறது. விநாடிக்கு எத்தனை அங்குலம் மூழ்கும் என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கிறார்கள். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. மார்க்குப் பட்டியல் பார்த்துப் பழகிய புத்தியல்லவா? ஏழையே வாங்கினோம்.

பல வருஷம் சேர்த்த பணத்தில் நதியில் நமக்குக் கிடைத்தது இரண்டே நாள். முதல் நாள் முழுவதும் கல்லைத்தான் பிடித்தோம். நான்கு ஈக்கள் அறுந்து, நரம்போடு பாறையிடுக்கில் தங்கின. துணைக்கு வந்த 'கில்லி' (அந்நாட்டில் நதி வழிகாட்டிக்கு அதுதான் பெயர், கிட்டிப்புள் ஞாபகம் வந்தால் நாம் பொறுப்பல்ல) மாலையில் உஷ்ணமானியை ஜலத்தில் விட்டுப் பார்த்தார். மூன்று டிகிரி. "மீன் அடியில் இருக்கிறது, ஐயா. ஆனால் கல்லுக்கு அடியில் இல்லை" என்றார்.

அன்றிரவு கணக்குப் போட்டோம். மடுவின் ஆழம் ஐந்தடி, அதாவது 60 அங்குலம். நிலையான நீரில் ஏழங்குலக் கயிறு ஒன்பது விநாடிக்குள் தரை தட்டிவிடும். ஈ ஓட்டத்தில் குறுக்கே வளைந்து கரைப்பக்கம் வர அரை நிமிஷம் ஆகிறது. மிச்ச நேரமெல்லாம் கல்லோடு சல்லாபம்! மூன்றங்குலக் கயிற்றுக்கு இருபது விநாடி வேண்டும். ஓட்டமும் அதைத் தூக்கிப் பிடிப்பதால் கல்லுக்குச் சற்று மேலேயே தவழும். நீர் அடியில் மெதுவாகவும் மேலே வேகமாகவும் ஓடுகிறது; மிதக்கும் கயிற்றை மேலோட்டம் வளைத்து ஈயை விரட்டிக்கொண்டு போகும். முழுதும் மூழ்கிய கயிற்றுக்கு அந்த ஆபத்து குறைவு. ஒரே சங்கடம், மூழ்கிய பிறகு அதைத் திருத்த முடியாது. விழுந்த கணத்திலேயே ஓட்டத்துக்கு எதிராக ஒரு வளைவு போட்டுவிட வேண்டும். நுனி நரம்பும் நான்கு அடிக்கு மேல் கூடாது; நீண்டால் கயிறு கீழே போக ஈ மேலே நிற்கும். பெருவெள்ளத்தில், ஆழ்ந்த மடுவில், ஏழுக்கும் வேலை உண்டு என்று கில்லி பிற்பாடு ஆறுதல் சொன்னார்.

மறுநாள் அவருடைய மூன்றங்குலக் கயிற்றை இரவல் வாங்கினோம். பகல் பதினொரு மணிக்குக் கயிறு நின்றது. மறுபடியும் கல் என்றே நினைத்தோம். கல் நகர்ந்தது!

ஏப்ரல் முதல் தேதிக்கு முன் பிடிபடும் ஸால்மனை நதியிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். பிரிட்டனில் இம்மீன் அழிவை நோக்கிச் செல்வதாக 2023-ல் உலகச் செம்பட்டியலிலே சேர்த்திருக்கிறார்கள். வெளியே எடுக்காமல், தலை ஓட்டத்தை நோக்கியிருக்கும்படி நீருக்குள்ளேயே ஏந்திக் கொண்டோம். விரல்கள் மரத்துவிட்டபடியால், அது எப்போது கையை விட்டு நழுவியது என்று நமக்குத் தெரியவில்லை. கில்லிதான், "போய்விட்டது, ஐயா" என்றார்.